ட்ரேடிங் செய்யிறவன் எங்க இருக்கலாம்: டோகாவா, துபாயா, கொழும்பா, கிளிநொச்சியா

விசுவமடுத் தம்பி ஒராள் கேட்டிருந்தார். டோகாவில ஏழு வருசம் வேலை, அதில கடைசி ரெண்டரை வருசமா பின்னேரத்தில அமெரிக்க ஷெயார் வாங்கி விக்கிறாராம், இப்ப சராசரியா மாசம் ரெண்டரை லட்சம் ரூபா கணக்கில மிஞ்சுதாம். வேலை ஒப்பந்தம் முடியப்போகுது, இனி ட்ரேடிங்கை மட்டும் பாத்துக்கொண்டு இருக்க ஆசை. மனிசியும் மூண்டு வயசுப் பிள்ளையும் ஊரில. "டோகாவிலயே வேற வேலை தேடிக்கொண்டு நிக்கிறதா, வரி இல்லாத துபாய்க்கு மாறுறதா, கொழும்பில ஒரு அறை எடுக்கிறதா, ஊருக்கு வாறதா? ஊருக்கு வந்தா 36 வீதம் வரி வெட்டுவாங்கள் எண்டு கூட இருக்கிற பொடியள் சொல்லுறாங்கள்" எண்டது கேள்வி.

தம்பி, நான் வவுனியாவில இருபது வருசத்துக்கு மேல கடைக்காரர், ஒப்பந்தகாரர், நெல்லு வியாபாரியள் எண்டு கனபேரின்ர வரிக் கணக்கு பாத்தவன், நானும் பங்குச்சந்தையில கை வச்சு சுட்டுக்கொண்டவன், ஆனபடியா கொஞ்சம் நீளமா சொல்லுறன், நேரம் எடுத்து வாசியுங்கோ.

முதல்ல அந்த 36 வீதப் பயத்தைப் பாப்பம். அது உங்கட முழு வருமானத்திலயும் 36 வீதம் இல்ல, படிப்படியா ஏறி வந்து கடைசிப் படியிலதான் 36. 2025 ஏப்ரல் முதலாம் திகதியில இருந்து வருசம் 18 லட்சம் வரைக்கும் வரியே இல்ல, அதுக்கு மேல முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 5 லட்சத்துக்கு 18, அடுத்த 5 லட்சத்துக்கு 24, அடுத்த 5 லட்சத்துக்கு 30, மிச்சத்துக்குத்தான் 36. இந்தப் பொது வீதத்திலயே உங்கட கணக்கைப் போட்டுப் பாப்பம் (வெளிநாட்டு வருமானமா வெளிநாட்டுக் காசில பேங்க் மூலம் கொண்டுவந்தா கூடினது 15 வீதம் எண்ட விதியும் இருக்கு, அது உங்களுக்குப் பொருந்தினா வரி இன்னும் குறையும்). மாசம் ரெண்டரை லட்சம் எண்டா வருசம் 30 லட்சம். 18 கழிச்சா 12 லட்சம் மிஞ்சும். அதில 10 லட்சத்துக்கு 60,000, மிச்ச 2 லட்சத்துக்கு 36,000. மொத்தம் 96,000 ரூபா, மாசத்துக்கு 8,000. துபாயில ஒரு அறைக்குள்ள ஆறு பேரோட ஒரு கட்டில் எடுத்தாலே மாசம் அதைவிடப் பல மடங்கு போகும். மாசம் 8,000 ரூபா மிச்சம் பிடிக்க மனிசி பிள்ளையை விட்டிட்டு இன்னொரு நாட்டில போய் இருக்கிறது கணக்கா எண்டு நீங்களே யோசியுங்கோ.

வருமானம் கூடக்கூட கதை மாறும், அதையும் மறைக்காமச் சொல்லவேணும். அதே பொது வீதத்தில வருசம் 50 லட்சம் வந்தா வரி 6,72,000. ஒரு கோடி வந்தா 24,72,000, அதாவது நாலில ஒரு பங்குக்குக் கிட்ட. அந்த அளவுக்கு, அதுவும் ஒரு வருசம் இல்ல நாலஞ்சு வருசம் தொடர்ந்து உழைக்கிறவர் எந்த நாட்டில இருக்கிறது எண்டு யோசிக்கிறதில நியாயம் இருக்கு. ஆனா உங்களுக்கு நான் கேக்கிற கேள்வி வேற. உங்கட ரெண்டரை வருச லாபம் எந்தக் காலத்தில வந்தது? அமெரிக்கச் சந்தையின்ர எஸ் அண்ட் பி 500 சுட்டெண் 2023 இலயும் 2024 இலயும் ரெண்டு வருசமுமே 20 வீதத்துக்கு மேல ஏறினது, அப்ப ஒண்டும் செய்யாம வாங்கி வச்சுக்கொண்டு இருந்தவனும் காசு பாத்தவன். அதே சுட்டெண் 2022 இல 19 வீதம் விழுந்தது. நீங்கள் அந்த விழுகைக்குள்ள நிண்டு ட்ரேட் பண்ணினதில்ல. சம்பளம் வந்துகொண்டிருக்கேக்க செய்யிற ட்ரேடிங்கும், அரிசி மா வாங்கிற காசை அதில இருந்துதான் எடுக்கவேணும் எண்டேக்க செய்யிற ட்ரேடிங்கும் ஒண்டில்ல தம்பி, கை நடுங்கும், இது நான் பட்டு அறிஞ்சது.

இஞ்ச இருந்தா ஒரு நன்மையும் இருக்கு, அதை ஒருத்தரும் சொல்லுறதில்ல. தொழிலாப் பதிஞ்சு ஒழுங்காக் கணக்குக் காட்டினா ஒரு வருசம் வந்த நட்டத்தை அடுத்த 6 வருசத்து லாபத்தில கழிக்கலாம். அதுக்கு ஒவ்வொரு வாங்கல் விற்றலுக்கும் பேப்பர் இருக்கவேணும், புரோக்கர் அனுப்புற மாசக் கணக்கை இறக்கி வச்சுக்கொள்ளுங்கோ. வரிப் பைல் இருந்தா நாளைக்கு வீட்டுக்கடன் கேக்கேக்க, பிள்ளையை வெளிநாட்டில படிப்பிக்க விசா கேக்கேக்க அதுதான் உங்கட சம்பளச் சீட்டு. ட்ரேடிங் செய்யிறன் எண்டு வாயால சொன்னா எந்த பேங்க் மனேஜரும் கடன் தரமாட்டார்.

அடுத்தது 183 நாள் விசயம், இதில கனபேர் பிழை விடுகினம். இலங்கையில 183 நாளோ அதுக்கு மேலயோ நிண்டா நீங்கள் வரிக்கு இந்த நாட்டு ஆள், உலகத்தில எங்க உழைச்சாலும் அந்த வருமானம் கணக்கில வரும். வரி வருசம் ஏப்ரல் 1 இல தொடங்கி மார்ச் 31 இல முடியுது, அப்ப ஒக்டோபருக்குப் பிறகு வந்து இறங்கினா அந்த வருசத்தில 183 நாள் வராதுதானே, தப்பிடலாம் எண்டு ஒரு கதை ஓடுது. சட்டம் அப்பிடி எழுதேல்ல. அந்த வரி வருசத்துக்குள்ள தொடங்கிற அல்லது முடியிற எந்த 12 மாசத்திலயும் மொத்தம் 183 நாள் வந்தாலே எண்ணும். நவம்பரில வந்து ஊரோட நிண்டிட்டீங்கள் எண்டா அடுத்த மே மாசத்துக்குள்ள 183 நாள் நிரம்பிடும், அந்த 12 மாசம் தொடங்கினது முதல் வருசத்துக்குள்ள. ஆனபடியா திகதியை வச்சு விளையாடுறதை விட்டிட்டு பிள்ளை முன்பள்ளிக்குப் போற நேரத்தைப் பாத்து வாங்கோ.

இனி "வரி இல்லாத ஊர்" எண்ட கதை. துபாயிலயும் டோகாவிலயும் தனியாளின்ர வருமானத்துக்கு வரி இல்ல, அது உண்மை. ஆனா நீங்கள் வாங்கிறது அமெரிக்கக் கம்பனியின்ர ஷெயார், அமெரிக்கா தன்ர பங்கை எடுத்துப்போட்டுத்தான் விடும். டிவிடென்டில, அதாவது கம்பனி பங்குக்காரருக்குப் பிரிச்சுக் குடுக்கிற லாபத்தில, வெளிநாட்டுக்காரருக்கு 30 வீதம் அங்கயே வெட்டுவினம். எமிரேட்சுக்கும் கட்டாருக்கும் அமெரிக்காவோட அதுக்கு ஒப்பந்தம் இல்ல, அங்க இருக்கிறவருக்கு முழு 30. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இரட்டை வரி ஒப்பந்தம் இருக்கு, 2004 இல இருந்து நடைமுறையில, எங்களுக்கு டிவிடென்டில 15 வீதம்தான். அதாவது டிவிடென்டை மட்டும் பாத்தா டோகாவில இருந்து வெட்டுறது விசுவமடுவில இருந்து வெட்டுறதைவிட ரெண்டு மடங்கு. (ஷெயாரை வித்து வாற லாபத்தில வெளிநாட்டுக்காரரிட்ட அமெரிக்கா வரி எடுக்கிறதில்ல, அது ரெண்டு பக்கமும் ஒண்டுதான்.) இந்தக் குறைஞ்ச வீதம் கிடைக்க புரோக்கரிட்ட டபிள்யூ எய்ட் பென் எண்ட படிவத்தை இலங்கை விலாசத்தோட திரும்பக் குடுக்கவேணும், மறந்திடாதைங்கோ.

இன்னொண்டு இருக்கு, இதைச் சொல்லாம விட்டா எனக்கு மனச்சாட்சி குத்தும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத, அங்க வசிக்காத ஒராள் செத்தா, அவற்ற பேரில இருக்கிற அமெரிக்க ஷெயாரின்ர பெறுமதி 60,000 டொலரைத் தாண்டினா, தாண்டின பங்கில 40 வீதம் வரைக்கும் மரணச் சொத்து வரி அமெரிக்கா எடுக்கும். துபாயில இருந்தாலும் ஒண்டுதான், கிளிநொச்சியில இருந்தாலும் ஒண்டுதான். அந்தக் கணக்கு முடியுமட்டும் மனிசியால அந்தக் காசைத் தொடுறது லேசில்ல. எங்கட சனம் ஒரு வீட்டு உறுதி இல்லாம, ஒரு மரணச் சான்றிதழ் இல்லாம எத்தனை வருசம் அரச கச்சேரி வாசலில நிண்டது எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. பெரிய தொகையை நீண்ட காலத்துக்கு வைக்கிறதெண்டா அயர்லாந்தில பதிஞ்ச ஈடிஎப் பண்டுகளை, அதாவது கன கம்பனி ஷெயாரை ஒண்டாச் சேர்த்து வச்சிருக்கிற பண்டுகளைப் பாருங்கோ, அதே அமெரிக்கக் கம்பனியளைத்தான் அதுகளும் வச்சிருக்கும், ஆனா இந்த மரண வரிக்குள்ள வராது. புரோக்கர் கணக்கின்ர விபரத்தையும் மனிசிக்கு விளங்கிற மாதிரி ஒரு கொப்பியில எழுதிக் குடுங்கோ.

கொழும்பைப் பற்றிச் சொல்லுறன். 2010 கடைசியில வெள்ளவத்தையில ரெண்டு பேரோட சேர்ந்து ஒரு அறை எடுத்தன், காலமை 9.30 க்கு சந்தை துறக்கிறதுக்கு முதல் புரோக்கர் ஒபீசுக்குப் போய் முன்வரிசைக் கதிரையில இருந்து பெரிய திரையைப் பாப்பன். சண்டை முடிஞ்சு வந்த உற்சாகம், எல்லாம் ஏறுது, 2011 பெப்ரவரியில கொழும்பு அனைத்துப் பங்குச் சுட்டெண் 7,800 தாண்டினது. சந்தைக்குக் கிட்ட இருந்தா செய்தி முதல் கிடைக்கும் எண்டு நினைச்சன். கிட்ட இருந்ததால எனக்குக் கிடைச்சது பக்கத்துக் கதிரைக்காரரின்ர அவசரம்தான், அவர் வாங்கினா நானும் வாங்கினன், அவர் எப்ப வித்தார் எண்டு எனக்குச் சொல்லேல்ல. 2012 ஜூனில சுட்டெண் 5,000 க்குக் கீழ. அம்மாவின்ர ரெண்டு சோடிக் காப்பு அதில போனது. இப்ப அந்தக் கதிரையே தேவையில்ல, 2020 இல இருந்து போனிலயே கணக்குத் திறக்கலாம், யாழ்ப்பாணத்தில பங்குச்சந்தையின்ர கிளையும் இருக்கு.

கொழும்புச் சந்தை ஷெயார் வித்து வாற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்ல. அதைக் கேட்டு கனபேர் சந்தோசப்படுவினம், ஆனா ஒவ்வொரு வாங்கலுக்கும் ஒவ்வொரு விற்றலுக்கும் 1.12 வீதம் போகுது, புரோக்கர் கூலி, பங்குப் பரிமாற்றத் தீர்வை எல்லாம் சேர்த்து. 5 லட்சத்தை மாசம் ஒருக்கா வாங்கி வித்தா ஒரு சுத்துக்கு 11,200 ரூபா, வருசத்துக்கு 1,34,400. மேல நான் போட்ட உங்கட வருமான வரி எவ்வளவு? 96,000. வரியைக் குறைக்க நாடு மாற யோசிக்கிற ஆள் முதல்ல தான் எத்தனை தரம் பட்டனை அமத்துறார் எண்டு எண்ணவேணும்.

லண்டன் கனடா எண்டு சொந்தக்காரர் கூப்பிட்டா, அங்க ட்ரேடருக்கு வரி இஞ்சயைவிடக் குறைவு எண்டு நினைக்காதைங்கோ. லண்டனில மூலதன ஆதாயத்துக்கு 18 அல்லது 24 வீதம், விலக்கு வெறும் 3,000 பவுண். வேற காரணத்துக்காகப் போனாப் போங்கோ.

இனி காசு போய்வாற வழி. இதைச் சரியா விளங்காம ஊருக்கு வந்தா மாட்டுவீங்கள். டோகாவில உழைச்ச டொலரை பேங்க் மூலம் கொண்டுவந்து வெளிநாட்டு நாணயக் கணக்கில போடலாம், அது பிரச்சினை இல்ல. பேங்க் இல்லாம ஆக்கள் மூலம் மாத்திற உண்டியலில அனுப்பினா வந்த காசுக்கு ஆதாரம் இல்ல, ஆதாரம் இல்லாத காசை பிறகு வரிக்காரருக்கு விளக்கேலாது. ஆனா இஞ்ச இருந்து ரூபாயை டொலராக்கி வெளிநாட்டு ட்ரேடிங் கணக்குக்கு அனுப்புறது வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குள்ள கட்டுப்பாடு உள்ள விசயம், நினைச்ச நேரம் நினைச்ச தொகை போகாது. கிரெடிட் கார்ட், டெபிட் கார்டால கிரிப்டோவுக்குக் காசு கட்டுறதையும் மத்திய வங்கி அனுமதிக்கிறதில்ல. அப்ப விளங்கவேண்டியது என்னெண்டா, வெளிய இருக்கிற ட்ரேடிங் மூலதனம் இப்ப எவ்வளவோ அவ்வளவுதான், அதை எரிச்சிட்டா ஊரில இருந்து திரும்ப நிரப்புறது கஷ்டம். டோகாவில சம்பளத்தில இருந்து மாசாமாசம் போட்டு ஓட்டையை அடைச்ச பழக்கம் இஞ்ச சரிவராது. எனக்கு இந்த ஒரு விசயம்தான் வரியைவிடப் பெரிசாப் படுது.

நேரத்தைப் பாருங்கோ. அமெரிக்கச் சந்தை டோகாவில பின்னேரம் 4.30 க்குத் துறந்து இரவு 11 க்குப் பூட்டும். எங்களுக்கு இரவு 7 மணிக்குத் துறந்து 1.30 க்குப் பூட்டும், அதுவும் கோடையில. நவம்பரில இருந்து மார்ச் வரைக்கும் 8 மணியில இருந்து விடிய 2.30. பிள்ளை நித்திரை கொள்ளப் போற நேரம் உங்களுக்கு வேலை தொடங்கும், பிள்ளை எழும்பிற நேரம் நீங்கள் நித்திரை. முழுச் சந்தையும் இருக்கத் தேவையில்ல, முதல் ரெண்டு மணித்தியாலம் மட்டும் எண்டு வரம்பு போடுங்கோ, 9 மணிக்கு மூடிப்போட்டுச் சாப்பிடுங்கோ. வேப்பமரத்துக்குக் கீழ காலமை வேளைக்கு ஒரு பிளேன்ரீயோட இருக்கிற வாழ்க்கைக்காகத்தானே ஊருக்கு வாறீங்கள், அந்தக் காலமையை நித்திரையில விடக்கூடாது.

ஊருக்குள்ள எங்க எண்டா, விசுவமடுவில வீட்டிலயே இருந்து செய்யிறதுக்கு நான் முதல் வருசம் மறுப்புத்தான் சொல்லுவன். தருமபுரப் பக்கம் ஒரு பொடியன்ர கணக்கு நான் பாத்தனான், அவர் சொன்ன ஒரு இரவை மறக்கேலாது. கார்த்திகை மழை, மின்னல், சந்தை துறந்து அரை மணித்தியாலத்தில கரண்ட் போச்சு, ரவுட்டர் செத்துப்போச்சு, போனில சிக்னல் ஒரு கோடு வரும் போகும். ஸ்டொப் லொஸ், அதாவது விலை ஒரு அளவுக்குக் கீழ போனா தானா வித்துவிடச் சொல்லுற கட்டளை, அவர் போடேல்ல. மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு மழைக்குள்ள பரந்தன் சந்திக்கு ஓடினவர், பூட்டிக்கிடந்த கடைத் தாவாரத்துக்குள்ள நிண்டு, சொப்பின் பைக்குள்ள சுத்தின போனை வெளிய எடுத்துப் பாக்க மூண்டு மாசத்து லாபம் போயிட்டுது. ஈரக் கையால தொட திரை வேலை செய்யேல்லையாம், சேட்டை உயர்த்தி பெனியனில துடைச்சுத் துடைச்சு அமத்தினாராம். 2025 நவம்பர் கடைசியில டிட்வா புயல் வந்தநேரம் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போனதும் உங்களுக்குத் தெரியும். கொழும்பில இருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்ல, 2025 பெப்ரவரி 9 இல முழு நாட்டிலயும் கரண்ட் போனது. எங்க இருந்தாலும் ஸ்டொப் லொஸ் போடாம ஒரு ட்ரேடும் திறக்கக்கூடாது, வன்னியில இருந்தா அது ரெண்டு மடங்கு கட்டாயம்.

ஆனபடியா கிளிநொச்சி டவுண், இல்லாட்டி வவுனியா டவுண். பைபர் லைன் வாற வீதியாப் பாத்து வீடு எடுங்கோ, வாடகை பேசுறதுக்கு முதல் பக்கத்து வீட்டுக்காரரிட்ட லைன் எப்பிடி எண்டு கேளுங்கோ, வீட்டுக்காரர் எல்லாம் இருக்கு எண்டுதான் சொல்லுவார். ஒரு இன்வேட்டர் பற்றரி, வேற கம்பனியின்ர 4ஜி ஒண்டு கையில. ஸ்டார்லிங்க் 2025 ஜூலையில இலங்கைக்கு வந்திட்டுது, அதால பிறகு ஊருக்குள்ள போறதுக்கும் வழி இருக்கு, ஆனா அதுக்கும் கரண்ட் வேணும். கிளிநொச்சி எண்டா விசுவமடு அம்மா அப்பாவிட்ட ஓடிப்போய் வரலாம். வவுனியா எண்டா கொழும்பு பஸ், ட்ரெயின் வசதி, பள்ளிக்கூடத் தெரிவு கூட, ஆனா தண்ணி கல்லுத்தண்ணி, குடிக்கிறதுக்குச் சுத்திகரிச்ச தண்ணி வாங்கத்தான் வேணும், சிறுநீரக வருத்தம் உள்ள பகுதியள் இருக்கிற மாவட்டம், சின்னப்பிள்ளை இருக்கிற வீட்டில அதை லேசா எடுக்காதைங்கோ. உங்கட நிலைக்கு நான் கிளிநொச்சியைத்தான் சொல்லுவன்.

கடைசியா ஒரு விசயம், இது எந்த வரிப் புத்தகத்திலயும் இல்ல. நீங்கள் வெளிநாட்டால வந்து, வேலைக்கும் போகாம, வீட்டில இருந்து கம்பியூட்டரில காசு உழைக்கிறீங்கள் எண்டு ஊருக்குத் தெரிஞ்ச ஆறாம் மாசம் ஆக்கள் வருவினம். மாமா முறை ஒராள் காணி வித்த காசோட வருவார், முன்வீட்டு அக்கா நெல்லு வித்த காசில ரெண்டு லட்சம் கொண்டுவருவா, "தம்பி உம்மட காசோட இதையும் போட்டுவிடும்" எண்டு. அன்பிலதான் வருவினம், நம்பிக்கையிலதான் வருவினம். வாங்காதைங்கோ. ஒரு ரூபாயும் வாங்காதைங்கோ. அனுமதி இல்லாம பொதுமக்களிட்ட வைப்புக் காசு வாங்கிறது 2011 ஆம் ஆண்டு 42 ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தில குற்றம், அது ஒரு பக்கம். மற்றப் பக்கம், இந்தச் சனம் ஏற்கெனவே எல்லாத்தையும் ஒருக்கா இழந்து, நகையை ஈடு வச்சு, நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டி எழும்பின சனம். மாதம் 10 வீதம் தாறன் எண்டு காசு சேர்த்த ஒராள் ஒரு இரவில வீட்டைப் பூட்டிப்போட்டுப் போக, படலைக்கு வெளிய நிண்ட அம்மாக்களை நான் பாத்திருக்கிறன், ஒராள் கையில வைப்புத் துண்டு எண்டு அந்தாள் குடுத்த கொப்பி ஒற்றையை மடிச்சு மடிச்சு வச்சிருந்தா. மற்றவையின்ர காசு உள்ள வந்தா உங்கட கையும் மாறும், நட்டத்தில மூடவேண்டியதை மூடமாட்டீங்கள். இந்த நெருக்கம் டோகாவில இல்ல, துபாயில இல்ல, ஊரில இருக்கு. "எனக்கு லைசன்ஸ் இல்ல அக்கா" எண்ட ஒரு வசனத்தை இப்பவே பழகிக்கொள்ளுங்கோ.

நான் உங்கட இடத்தில இருந்தா இப்பிடிச் செய்வன். ஒப்பந்தம் முடிய டோகாவில இன்னும் ஆறு மாசம் சம்பளத்தோட நிக்க வழி இருந்தா நிப்பன், அந்த ஆறு மாசமும் சம்பளத்தைத் தொடாம பேங்கில போட்டு, வீட்டுச் செலவு முழுக்க ட்ரேடிங் காசில மட்டும் அனுப்பிப் பாப்பன். ஆறு மாசமும் அனுப்பக்கூடியதா இருந்தா வருவன், இல்லாட்டி வேலையோட நிப்பன். வரேக்க கையில ஒன்றரை வருச வீட்டுச் செலவு ரூபாயில தனியா இருக்கவேணும், அதை ட்ரேடிங் கணக்கில சேர்க்கக்கூடாது. வந்து இறங்கின கையோட டின் நம்பர் எண்ட வரி இலக்கத்தை எடுத்து பைலைத் திறவுங்கோ, காலாண்டு வரி ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே 15 ஆம் திகதியள், வருசக் கணக்குக் காட்டுற விபரத்திரட்டு நவம்பர் 30. ஒவ்வொரு மாசமும் லாபத்தில ஒரு பங்கை அந்த வரிக்கெண்டு வேற கணக்கில போட்டுவிடுங்கோ, கட்டவேண்டிய திகதியில காசு ட்ரேடுக்குள்ள மாட்டுப்பட்டு நிக்கக்கூடாது.

துபாயைப் பற்றி, வருசம் ஒரு கோடியை மூண்டு வருசம் தொடர்ந்து தாண்டினீங்கள் எண்டா அப்ப திரும்பக் கேளுங்கோ, அப்ப குடும்பத்தோட போற மாதிரிக் கணக்குப் போடுவம். இப்ப எனக்குத் தெரியவேண்டியது ஒண்டுதான், உங்கட பேரில அமெரிக்க ஷெயார் இப்ப எத்தனை டொலருக்குக் கிடக்குது, 60,000 க்குக் கிட்ட எண்டா வேற எதைப் பற்றியும் யோசிக்க முதல் அதை ஒழுங்கு பண்ணுவம்.